அரங்கும் அடுப்பும்: குத்துச்சண்டைத் தலைமுறைகள் பற்றி ஓர் ஒப்பாய்வு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நம் விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரு சொற்போர் மூண்டது. பொருள், குத்துச்சண்டை. "அந்தக் காலத்து வீரர்களின் உரம் இன்றுள்ளவர்க்கு ஏது? முகமது அலி எங்கே, இவர்கள் எங்கே?" என்றனர் ஒரு சாரார். "பயிற்சியும் உணவும் மருத்துவமும் வளர்ந்துவிட்ட இந்நாளில், பழையவர் இன்றையவர் முன் மூன்று சுற்று நிற்கமாட்டார்" என்றனர் மறு சாரார். சோறு ஆறியது, வாதம் ஆறவில்லை. நான் மட்டும் அன்று வாய் திறக்கவில்லை.

காரணம் உண்டு. அன்று மாலைதான் கோலார் தங்கவயலிலிருந்து என் சித்தப்பா மகன் கைப்பேசியில் ஒரு செய்தி விடுத்திருந்தான். அவனுக்கு வயது 23. குத்துச்சண்டையால் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பெற்றவன். "அண்ணா, தொழில்முறைக்கு வா என்று ஒருவர் ஒப்பந்தம் நீட்டுகிறார். வேலையை விடவேண்டி வரும் போலிருக்கிறது. அப்பா வேண்டாம் என்கிறார். நீதான் நாலு புத்தகம் படிக்கிறவன். பார்த்துச் சொல்" என்று எழுதியிருந்தான். நண்பர்கள் பொழுதுபோக்காக எழுப்பிய வினா, எங்கள் வீட்டில் அடுப்பெரியும் வினாவாக நின்றது. ஆகவே சில வாரங்கள் நூலகத்தில் அமர்ந்து, அமெச்சூர் அரங்கில் முன்னணியில் நின்று பின்பு தொழில்முறைக்குப் போனவர்களைத் தலைமுறை வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

1. சொல்லும் பொருளும்

கையால் பொருது வெல்வது தமிழர்க்குப் புதிதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆனால் கையுறை அணிந்து, கயிறு கட்டிய அரங்கில், மணி அடித்துத் தொடங்கும் இந்தச் சண்டை ஆங்கிலேயர் வழியே வந்தது. அதில் இரு பாதைகள் உண்டு. ஒன்று அமெச்சூர், மற்றொன்று தொழில்முறை.

இரண்டும் ஒரே விளையாட்டு என்று எண்ணுவது பிழை. ஆண்களுக்கான அமெச்சூர் போட்டி இன்று மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. மொத்தம் 9 நிமிடம். தொழில்முறையில் பட்டப் போட்டி 12 சுற்று. 36 நிமிடம், அதாவது நான்கு மடங்கு. 1980-களின் தொடக்கம் வரையில் அது 15 சுற்றாகவும் இருந்தது. 1982-இல் கொரிய வீரர் டுக் கூ கிம் பட்டப் போட்டியில் அடிபட்டு இறந்த பின்னரே 12 என்று குறைக்கத் தொடங்கினர். கையுறையும் வேறு. தொழில்முறையில் எடை குறைந்த பிரிவினர் 8 அவுன்ஸ் கையுறையே அணிவர். பஞ்சு குறையக் குறைய அடி உறைக்கும் அன்றோ?

அமெச்சூர் வீரன் ஒரே வாரத்தில் நான்கைந்து பேரைச் சந்திக்க வேண்டும். அவனுக்கு வேகமும் புள்ளிக் கணக்கும் தேவை. தொழில்முறை வீரன் ஒரே ஆளுக்காக இரண்டு மூன்று மாதம் தயாராகிறான்; அவனுக்கு வேண்டுவன பொறுமை, வயிற்றில் அடி தாங்கும் வலிமை, ஒன்பதாம் சுற்றிலும் தளராத கால். நூறு கெஜ ஓட்டக்காரனை மைல் ஓட்டத்தில் விட்டால் எப்படியோ அப்படி என்று கொள்ளலாம். தலைமுறைகளை ஒப்பிடுமுன் இந்த வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்துக.

2. தங்கவயலின் தலைமுறை

எங்கள் ஊரைத் திரைப்படப் பெயராகவே உங்களுள் பலர் அறிவீர்கள். அது உண்மையில் உழைத்துத் தேய்ந்த ஊர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பெருமளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் தமிழர் ஆயிரம் ஆயிரமாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் அந்த மண்ணில்தான் இருந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-இல் மத்திய அரசிடம் சென்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. இன்று ஊரில் எஞ்சி நிற்பவை சயனைடு மேடுகளும், விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் ரயில்களுமே. என் சித்தப்பா அந்த ரயிலில் ஒருவர்.

வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் ஆடிய விளையாட்டுகளைச் சுரங்கத் தமிழரும் கற்றனர். கால்பந்தும் ஹாக்கியும் குத்துச்சண்டையும் அங்கே வேரூன்றின. என் தாத்தா 1950-களில் அந்தக் கூட்டத்தில் ஒருவர். காலை ஷிப்டுக்குக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார். மாலையில் சங்கு ஊதியதும் மேலே வந்து, குளித்து, கேழ்வரகுக் களி உண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு மணல்மூட்டையைக் குத்தப் போவார். 'பெரிய மீட்டிங்' என்று அவர்கள் அழைத்த போட்டி நாளில் லைன் வீடுகள் வெறிச்சோடிப் போகும் என்று சொல்வார்.

அவர் பல முறை சொன்ன செய்தி ஒன்று. 1957 வாக்கில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, பணத்துக்கு ஆடும் சண்டைகளுக்கு அவரை அழைத்தாராம். "கொழும்பு, கல்கத்தா எல்லாம் போகலாம், ஒரு சண்டைக்கு உன் மூன்று மாதச் சம்பளம்" என்றாராம். தாத்தா இரண்டு இரவு உறங்கவில்லை. மூன்றாம் நாள் மறுத்துவிட்டார். ஏன்? அவர் குடியிருந்த லைன் வீடு சுரங்கத்தின் வீடு. வேலை போனால் கூரையும் போகும். வீட்டில் பாட்டி, பெற்றோர், தங்கை இருவர், கைக்குழந்தை. ஒரு சண்டையில் தாடை உடைந்தால் இத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டும்.

"நான் தோற்றவன் இல்லையடா, ஆடாதவன்" என்பார் பின்னாளில். மூச்சிரைப்பு வந்து, பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசும் காலம் அது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் தங்கவயலில் பல வீடுகளுக்குத் தெரிந்த நோய். அரங்கில் எவரும் வீழ்த்தாத உடலைச் சுரங்கம் வீழ்த்தியது.

இந்தத் தலைமுறையை நாம் எந்தப் பட்டியலில் வைப்பது? வெற்றிப் பட்டியலிலும் இல்லை; தோல்விப் பட்டியலிலும் இல்லை. இதனை மனத்தில் வைத்து மேலே செல்வோம்.

3. வடசென்னையின் பரம்பரைகள்

அதே காலத்தில் வடசென்னையில் நிலைமை வேறு. அங்கே சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்னும் பரம்பரைகள் இருந்தன. வாத்தியாரிடம் பயின்று, சுவரொட்டி ஒட்டி, சீட்டு விற்று, மக்கள்முன் ஆடினர். கித்தேரி முத்து அவர்களுள் பேர்பெற்றவர். ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியுடன் அவர் பொருத கதையை வடசென்னை முதியோர் சொல்லிச் சொல்லி வளர்த்தனர். பா. இரஞ்சித்தின் 2021-ஆம் ஆண்டுப் படம் அந்த உலகத்தை நம் தலைமுறைக்குக் காட்டியது.

இங்கே நான் கவனித்த ஒன்று உண்டு. பரம்பரை வீரர் பெரும்பாலும் நேரே மக்கள்முன் சீட்டுக் கட்டணச் சண்டைக்கு வந்தார். மறுபுறம், ஒலிம்பிக் சென்ற இந்திய அமெச்சூர் வீரர் பலர் ராணுவத்திலோ ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை பார்த்தனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய முனுசாமி வேணு, 1980 மாஸ்கோவில் ஆடிய ஐசக் அமல்தாஸ், கணபதி மனோகரன் ஆகிய தமிழ்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மேல்நாட்டில் ஒரே மனிதன் முதற்படியாக அமெச்சூரிலும் அடுத்த படியாகத் தொழில்முறையிலும் ஏறினான். நம்மிடமோ அவை இரண்டு படிகளாக இல்லை. இரு வேறு தெருக்களாக இருந்தன. ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு வழி இல்லை.

4. மேல்நாட்டு வரிசை

இனி மேல்நாட்டாரைக் காண்போம். நான்கு தலைமுறைகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் தலைமுறை, 1952 முதல் 1968 வரை. ஃபிளாய்டு பேட்டர்சன் 1952 ஹெல்சிங்கியில் 17 வயதில் தங்கம் வென்றார். அதே ஆண்டு தொழில்முறைக்கு வந்தார். 1956-இல் 21 வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் பெற்றார். முகமது அலி, அன்றைய காசியஸ் கிளே, 1960 ரோமில் தங்கம் வென்று, சில வாரங்களுக்குள் அக்டோபர் 29-இல் முதல் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். 1964-இல் பட்டம் பெற்றார். ஜோ ஃபிரேசியர் 1964 டோக்கியோவிலும், ஜார்ஜ் ஃபோர்மன் 1968 மெக்சிகோவிலும் தங்கம் வென்றவர்கள். இருவரும் அடுத்த ஆண்டே தொழில்முறைக்கு வந்தனர். இவர்கள் இளமையில் மாறினர். சிறிய சண்டைகளில் தொடங்கி, மூன்று நான்கு ஆண்டுகள் பாடம் கற்றுப் பட்டத்துக்கு வந்தனர்.

அவசரப்பட்டவரும் உண்டு. பீட் ராடமேக்கர் 1956 மெல்போர்னில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். 1957 ஆகஸ்ட் 22-இல், தம் முதல் தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்காகப் பேட்டர்சனை எதிர்த்தார். இரண்டாம் சுற்றில் பேட்டர்சனைக் கீழே வீழ்த்தவும் செய்தார்! ஆனால் ஆறாம் சுற்றில் அவரே வீழ்ந்தார். இரண்டாம் சுற்று அவருடைய ஆற்றலைக் காட்டியது. ஆறாம் சுற்று அவரிடம் இல்லாத பழக்கத்தைக் காட்டியது.

அதே 1957-இல் அங்கேரியின் லாஸ்லோ பாப் தொழில்முறைக்கு வந்தார். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். 1962-இல் ஐரோப்பியப் பட்டமும் பெற்றார். 27 வெற்றி, 2 சமன், தோல்வியே இல்லை. உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 1965-இல், அவர் நாட்டு அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கியூபா 1960-களின் தொடக்கத்தில் தொழில்முறையையே தடை செய்தது. அதனால் 1972, 1976, 1980-இல் மூன்று தங்கம் வென்ற தியோபிலோ ஸ்டீவன்சன் கடைசி வரை அமெச்சூராகவே இருந்தார். பாப்பும் ஸ்டீவன்சனும் அலியைவிடத் தாழ்ந்தவரா? எவர் சொல்ல முடியும்?

இரண்டாம் தலைமுறை, 1976 முதல் 1988 வரை. சுகர் ரே லியோனார்ட், மைக்கேல் ஸ்பிங்க்ஸ், லியான் ஸ்பிங்க்ஸ் ஆகியோர் 1976 மான்ட்ரியலில் தங்கம் வென்றனர். லியான் ஸ்பிங்க்ஸ் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே, 1978 பிப்ரவரியில், முதுமை எய்திய அலியை வென்றார்; அதே ஆண்டு மறு சண்டையில் பட்டத்தை இழந்தார். லியோனார்டோ தொலைக்காட்சி வளர்ந்த காலத்தின் பிள்ளை. 1979-இல் பட்டம் பெற்று நெடுநாள் நின்றார். 1988 சியோலில் லெனாக்ஸ் லூயிஸ் தங்கம் வென்றார். ராய் ஜோன்ஸோ இறுதியில் எதிரியைத் தெளிவாக விஞ்சியும், நடுவர் தீர்ப்பால் வெள்ளியே பெற்றார்.

மூன்றாம் தலைமுறை, 1992 முதல் 2012 வரையிலான கணினித் தலைமுறை. ஆஸ்கர் டி லா ஹோயா 1992 பார்சலோனாவிலும், விளாதிமிர் கிளிச்கோ 1996 அட்லாண்டாவிலும் தங்கம் வென்றனர். அதே அட்லாண்டாவில் ஃபிளாய்டு மேவெதர் அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் தொடோரோவிடம் 10-9 என்ற ஒரே புள்ளியில் தோற்று வெண்கலம் பெற்றார். பின்னர் தொழில்முறையில் 50 சண்டை ஆடி 50-இலும் வென்று 2017-இல் விடைபெற்றார். அன்று அவரை வென்ற தொடோரோவின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான்காம் தலைமுறை, உக்ரைன் நாட்டார் காட்டிய வழி. வாசில் லோமச்சென்கோ 2008, 2012 இரண்டிலும் தங்கம் வென்றவர். அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே தோல்வி. 2013-இல் தொழில்முறைக்கு வந்தவர், இரண்டாவது சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு ஆடித் தோற்றார். 2014 ஜூனில் மூன்றாவது சண்டையில் பட்டம் பெற்றார். 2012-இல் தங்கம் வென்ற உசிக் 2018-இல் குரூயிசர்வெயிட்டிலும், 2024-இல் ஹெவிவெயிட்டிலும் எல்லாப் பட்டங்களையும் ஒருசேரத் தாங்கினார். நானூறு அமெச்சூர் சண்டைகள் என்பது நீண்ட பள்ளிப்படிப்பு. அதனை முடித்தவர் தொழில்முறையில் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ராடமேக்கர் தவறிய தாவலை லோமச்சென்கோ தாவியதன் காரணம் இதுவே. ஆயினும் அவரும் முதல் தாவலில் இடறினார் என்பதை மறவாதீர்.

5. விதி மாறினால் வீரனும் மாறுவான்

இந்த வேறுபாடுகளுக்குக் காரணம் உடல் உரம் மட்டுமா? இல்லை, விதிகளும் காரணம்.

சியோலில் நடந்த அநீதிக்குப் பின் 1992 ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளிமுறை வந்தது. ஐந்து நடுவருள் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. நல்ல நோக்கம்தான், ஆனால் விளைவு என்ன? தலையில் பளிச்சென விழும் நேர்க்குத்தை மூவரும் காண்பர். விலாவில் அமுங்கி விழும் குத்தை எத்தனை பேர் ஒரே நொடியில் காண்பர்? ஆகவே வீரர்கள் எட்டித் தொட்டு விலகும் கலையில் தேர்ந்தனர். நெருங்கி நின்று உடலில் அடிக்கும் கலையை மறந்தனர். தொழில்முறையிலோ அந்த மறந்த கலைதான் சோறு போடும்.

தலைக்காப்பு 1984 ஒலிம்பிக்கில் வந்தது. ஆண்களுக்கு 2013-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு தொழில்முறை போன்று பத்துப் புள்ளி முறையும் வந்தது. 2016 ரியோ முதல் தொழில்முறை வீரரும் ஒலிம்பிக்கில் ஆடலாம் என்றாயிற்று. கியூபாவும் 2022-இல் தன் வீரரைத் தொழில்முறைக்கு அனுமதித்தது. ஆக, 1950-களில் இரு பாதைகளுக்கும் இடையே நின்ற மதில் இன்று பெரும்பாலும் இடிந்துவிட்டது. என் தம்பியின் தலைமுறை நிற்பது அந்த இடிந்த மதிலின்மேல்.

6. நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர் கவுர் சிங், ராணுவ வீரர். 1980-இல் டெல்லிக்கு வந்த முகமது அலியுடன் காட்சிப் போட்டி ஆடியவரும் அவரே. அவர் தொழில்முறைக்குப் போகவில்லை. 2023-இல் மறையும்வரை அவருடைய பிற்கால வாழ்வு வளமாக அமையவில்லை. அமெச்சூராகவே இருப்பதும் முழுக் காப்பன்று என்பதற்கு இது சான்று.

1992 பார்சலோனாவில் ஆடிய தர்மேந்திர யாதவ் பின்பு பிரிட்டனில் தொழில்முறைக்குச் சென்றார்; சில சண்டைகளோடு அப்பயணம் முடிந்தது. 2000 சிட்னியில் குர்சரண் சிங் காலிறுதியில் 12-12 எனச் சமன் செய்தும், குத்துகளைத் திரும்ப எண்ணும் முறையில் பதக்கத்தை இழந்தார். பின்னாளில் அமெரிக்காவில் தொழில்முறையில் ஆடினார். இவர்களுக்கு ஆற்றல் இருந்தது. பின்னால் நிற்க ஓர் ஏற்பாடு இல்லை.

2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங்கோடு காலம் திரும்பியது. 2015 அக்டோபர் 10-இல் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைச் சண்டை. 2016 ஜூலையில் டெல்லியில் ஆசிய பசிபிக் பட்டம். தொடர்ந்து 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் முதல் தோல்வி. ஹரியானா காவல்துறையில் டிஎஸ்பியாக இருந்த அவர் தொழில்முறைக்குப் போகலாமா என்ற வினா உயர்நீதிமன்றம் வரை சென்றது. இன்னொன்றைக் கணக்கிடுங்கள்: முதல் தொழில்முறைச் சண்டையின்போது பேட்டர்சனுக்கு 17, அலிக்கு 18, லோமச்சென்கோவுக்கு 25, விஜேந்தருக்கோ 30 நெருங்கிவிட்டது. அவர் திறமையில் குறையில்லை, கடிகாரத்தில்தான் குறை.

விகாஸ் கிருஷண் இரண்டு தொழில்முறைச் சண்டைகளில் வென்று, திரும்ப வந்து, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். இடிந்த மதிலின்மேல் போகவும் வரவும் முடியும் என்று காட்டினார். சரிதா தேவி 2017-இல் இம்பாலில் தொழில்முறைக்கு வந்து பெண்களுக்கும் வழி உண்டு என்றார். 2023 உலகப் போட்டியில் வெண்கலமும், 2024 பாரிசில் காலிறுதியும் கண்ட நிஷாந்த் தேவ், 2025 ஜனவரியில் லாஸ் வேகாசில் 24 வயதில் தொழில்முறையைத் தொடங்கினார். விஜேந்தரைவிட ஐந்து ஆண்டு முன்னதாக! நம் நாட்டின் உண்மையான வளர்ச்சி இந்த ஐந்து ஆண்டில் இருக்கிறது என்பேன்.

7. எதைக் கொண்டு அளப்பது?

இத்தனையும் கண்டபின், விடுதி நண்பர்களுக்கு என் விடை இது. தலைமுறைகளைக் குத்தின் வலிமை கொண்டு ஒப்பிடுவது வீண். மூன்று அளவுகோல்களே பொருந்தும். முதலாவது, எந்த விதியில் பயின்றான் என்பது. இரண்டாவது, எந்த வயதில், எத்தனைப் பயிற்சியோடு மாறினான் என்பது. மூன்றாவது, மாறும்போது பின்னால் யார் நின்றார் என்பது. அலியின் பின்னால் அவர் ஊரான லூயிவில்லின் செல்வர் சிலர் குழுவாக நின்று செலவைத் தாங்கினர். பாப்பின் பின்னால் நின்ற அரசு கையைப் பிடித்து இழுத்தது. என் தாத்தாவின் பின்னால் லைன் வீட்டின் ஓர் அறை நின்றது. அவரும் அதே 1957-இல்தான் முடிவு எடுத்தார். அவரைக் கோழை என்பார் உண்டோ?

தம்பிக்கு என் விடையும் இந்த மூன்றிலிருந்தே பிறந்தது. அவனுக்கு எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். உங்களுள் இத்தகைய நிலையில் இருப்போர்க்கும் பயன்படலாம்.

"தம்பி, வயது உன் பக்கம். 23 என்பது மாறத் தக்க வயதே. ஆனால் நீ இதுவரை ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆடியதில்லை. கையெழுத்து இடுமுன், உன் பயிற்சியாளரிடம் சொல்லி, ஆள் மாற்றி ஆள் நிறுத்தி எட்டுச் சுற்று ஆடிப் பார். ஆறாம் சுற்றில் உன் கை எங்கே நிற்கிறது என்று அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்.

"இரண்டாவது, ஒப்பந்தத்தை நீ மட்டும் படிக்காதே, வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். எத்தனை ஆண்டு கட்டுப்பாடு, ஆண்டுக்கு எத்தனைச் சண்டை உறுதி, பரிசுப்பணத்தில் மேலாளர் பங்கு எவ்வளவு, மூளைப் பரிசோதனைக்கும் காயத்துக்கும் செலவு யாருடையது என்ற நான்கு வினாவுக்கும் எழுத்தில் விடை இல்லையேல் அது ஒப்பந்தம் அன்று, வெறும் அழைப்பு. 1957-இல் தாத்தாவுக்கு வந்தது அழைப்பு.

"மூன்றாவது, வேலையை உடனே உதறாதே. 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் படித்தேன். அமெச்சூராக விளையாட முன்அனுமதி வேண்டாம் என்கிறது. அந்தச் சொல்லைக் கவனி. பணத்துக்கு ஆடுவதாயின் முன்கூட்டியே அனுமதி கேட்டாக வேண்டும். எழுத்தில் கேள். ஊதியமில்லா விடுப்புக்கு வழி உண்டா என்றும் கேள். மறுத்தால், அப்போது முடிவு செய்வோம். கேளாமலே கதவு மூடியிருக்கிறது என்று நாமே எண்ணிக்கொள்ள வேண்டாம்."

அனுப்பிய மறுநாள் சித்தப்பா பேசினார். விடியற்காலை ரயிலின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல். "நீயும் அவனைப் போ என்கிறாயா?" என்றார். "இல்லை சித்தப்பா, கேட்டுவிட்டுப் போ என்கிறேன்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உன் தாத்தா அன்று யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை" என்றார். வண்டி பங்காருப்பேட்டையை நெருங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

தம்பி எட்டுச் சுற்று ஆடிப் பார்த்திருக்கிறான். ஏழாம் சுற்றில் இடக்கை தாழ்ந்துவிட்டதாம். "இன்னும் ஆறு மாதம் பயிற்சி வேண்டும் அண்ணா" என்று எழுதினான். அலுவலகத்துக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டான். விடை வந்ததும் அவன் முடிவு செய்வான்.

தோழர்களே, நம் ஊர்களிலும் உங்கள் வீடுகளிலும் இப்படி ஆடாமல் நின்ற தாத்தாக்கள் இருப்பர். ஓடாமல் நின்றவர், பாடாமல் நின்றவர், படிக்காமல் நின்றவர் இருப்பர். பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, எந்தக் கதவின் முன் அவர்கள் நின்றார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அவற்றையும் தொகுத்து அடுத்த இதழில் வெளியிட மன்றம் முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.